பாக் விரிகுடாவின் மேய்ச்சல் நிலம்

தஞ்சாவூர் ஜில்லா என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருவன காவிரியும் அதன் கிளைகளும், நெல்வயல்களும், பெரிய கோயிலும், சங்கீதமும்தான். அந்த ஜில்லாவுக்குத் தெற்கே ஒரு கடற்கரை உண்டு என்பதையும், அக்கரையிலிருந்து படகில் சிறிது தூரம் சென்றால் இரண்டு ஆள் ஆழமே உள்ள நீரின் அடியில் பல்லாயிரம் ஏக்கர் பரப்புக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது என்பதையும், அந்தப் புல்லையே ஆகாரமாகக் கொண்டு வாழ்கிற, மீனும் அல்லாத திமிங்கிலமும் அல்லாத ஒரு பெரும் பிராணி அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது என்பதையும், பட்டுக்கோட்டைக்கு வடக்கே எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகமே.

அப்பிராணியைக் கரையோரத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்பசு என்று சொல்வோரும் உண்டு. அதற்காகவே, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய இரு ஜில்லாக்களின் கரையை ஒட்டி, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரையில், 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு சர்க்கார் 2022 செப்டம்பர் 21ஆம் தேதி பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்கென்றே ஒரு காப்பகம் இந்தியாவில் ஏற்பட்டது அதுவே முதல் தடவை. மல்லிப்பட்டினத்துக்கு அருகில், ஐரோப்பாவில் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடும் பொருட்டு இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15இல் எழுப்பிய எட்டடுக்கு மனோரா, அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எங்கோ கண்ணுக்குத் தெரியாத தேசத்தில் நடந்த யுத்தத்துக்கு ஞாபகச்சின்னம் வைக்கத் தோன்றிய நமக்கு, காலடியில் இருந்த கடலின் ஜீவராசியைப் பற்றிச் சிந்திக்க இன்னும் இருநூறு வருஷங்கள் தேவைப்பட்டன. இப்போது அதே மனோராவின் பக்கத்தில் ஆவுளியாவுக்கு ஒரு சர்வதேசப் பாதுகாப்பு மையம் அமைக்கச் சர்க்கார் திட்டமிட்டிருக்கிறது. தாமதம் என்று குறைசொல்வதைவிட, வந்து சேர்ந்ததற்காகச் சந்தோஷப்படுவதே முறை.

இனி அந்தப் பிராணியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முழு வளர்ச்சியடைந்த ஆவுளியா பத்தடி நீளம் வரையிலும் 400 கிலோகிராம் எடை வரையிலும் இருக்கும். வால் மட்டும் டால்பினின் வாலைப் போலக் கிடையாக இரு மடலாகப் பிரிந்திருந்தாலும், முதுகில் துடுப்பு கிடையாது. மூக்குத் துவாரங்கள் முகத்தின் உச்சியில் அமைந்து, நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் தாமாகவே மூடிக்கொள்கின்றன. வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. மேலுதடு முகத்தின் முன்பக்கம் முழுவதையும் மறைத்துத் தடித்துத் தொங்க, அதில் முள் முள்ளாக உரோமங்கள். கலங்கிய நீரில் கண் உதவாத இடத்தில் அந்த உரோமங்களாலேயே புல்லைத் தடவி அறிந்துகொள்கிறது. தேகத்தின் தோற்றத்தைக் கண்டு திமிங்கிலத்துக்கு இனம் என்று எண்ணுவது சகஜம். பிராணி சாஸ்திரமோ, தரைவாழ் மிருகங்களில் அதற்கு நெருங்கிய உறவு யானைதான் என்று சொல்கிறது. அந்த உறவுக்குச் சாட்சியாக, வளர்ந்த ஆணுக்கு இரண்டு சிறு தந்தங்கள் உதட்டுக்குள் மறைந்திருக்கின்றன. பெண்ணின் முலைகளும் பசுவைப் போல அடிவயிற்றில் அமையாமல், யானையைப் போல முன்னங்கால்களின் பக்கத்தில், அதாவது முன்துடுப்புகளின் அக்குளில் இருக்கின்றன. கன்று தாயின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நீந்தியபடியே பால் குடிக்கிறது.

புல் மேயும் விதம் விசேஷமானது. ஆவுளியா இலையை மட்டும் கடித்துவிட்டுப் போவதில்லை. மென்மையான ஜாதிப் புல்லாக இருந்தால், உதட்டால் மண்ணைக் கிளறி, வேரும் தரையடித் தண்டும் இலையுமாக முழுச் செடியையே பெயர்த்து, மண்ணை உதறிவிட்டு விழுங்குகிறது. அப்படி மேய்ந்துகொண்டே அது முன்னேறிய தடம், ஏர் ஓட்டிய சால் போல நீண்டு வளைந்து கடற்தரையில் கிடக்கும். பிராணியைக் காணக் கொடுத்துவைக்காத ஆராய்ச்சியாளர்கள், அந்தச் சாலைக் கண்டே அது வந்து போனதை நிச்சயிக்கிறார்கள். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் புல் அதற்கு வேண்டும். இவ்வளவையும் மேய்ந்தால் புல்வெளி அழிந்துபோகாதா என்று கேட்கத் தோன்றும். மேய்ந்த சாலில் இளம்புல் மறுபடியும் முளைக்கிறது. அந்த இளம்புல்லே சத்து மிகுந்தது. ஆவுளியா அதே இடத்துக்குத் திரும்பி வந்து அதை மேய்கிறது. தன் மேய்ச்சல் நிலத்தைத் தானே பண்படுத்திக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை ஆஸ்திரேலியக் கடல்களில் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் புல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் இந்தக் கதையில் பிரதான பாத்திரம் பிராணியைவிடப் புல்தான் என்பது என் அபிப்பிராயம். கடற்பாசியும் கடற்புல்லும் ஒன்றென்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல்லோ தரையில் வளரும் தாவரங்களைப் போலவே வேர்விட்டு, தண்டு படர்ந்து, நீருக்குள்ளேயே பூத்து, நீரோட்டத்தின் வாயிலாக மகரந்தம் சேர்ந்து, காய்த்து விதைக்கும் பூக்குந் தாவரம். சூரிய வெளிச்சம் அடிவரை எட்டினால்தான் அது பிழைக்கும். ஆகையால் ஆழமும் கொந்தளிப்பும் குறைந்த கடலே அதற்கு உகந்தது. வடக்கே கோடியக்கரையும் தெற்கே இராமேஸ்வரம் தீவும் கிழக்கே இலங்கையுமாக மூன்று புறமும் அணைகட்டினாற்போல நிற்க, சராசரியாக முப்பது அடி ஆழமே கொண்ட பாக் விரிகுடா, இந்தப் புல்லுக்கென்றே பிரகிருதி ஒதுக்கிவைத்த இடம் போல அமைந்திருக்கிறது. காப்பகத்தின் எல்லைக்குள் மட்டும் 12,250 ஹெக்டேர் கடற்புல்வெளி இருப்பதாகச் சர்க்கார் கணக்கு.

இத்தனை பரப்பிலும் ஆவுளியாவுக்கு மட்டும் ஜீவனம் நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இறால் குஞ்சு இங்கேதான் ஒளிந்து வளர்கிறது. இக்கரையோரத்துக் குடும்பங்களுக்குச் சோறுபோடும் நீலக்கால் நண்டு இங்கேதான் இளமைக் காலத்தைக் கழிக்கிறது. ஓரா மீன் புல்லைக் கடித்துத் தின்கிறது; கடற்குதிரை இலையில் வாலைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறது; கடலட்டை மணலை உட்கொண்டு அதிலுள்ள அழுக்கைச் சீரணித்து, சுத்தம் செய்த மணலை வெளியே தள்ளுகிறது. வேர்கள் சேற்றை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் நீர் கலங்குவதில்லை. கரை அரிப்பும் தணிகிறது. ஆகாயத்திலிருந்து நீரில் கரைந்த கரியமில வாயுவை ஈர்த்து வேரடி மண்ணில் நெடுங்காலம் புதைத்துவைக்கும் உபகாரத்தையும் இந்தப் புல் செய்துவருகிறது என்று சமீபகால ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டுகின்றன. புல் போனால் ஆவுளியாவோடு மீனவனின் நண்டும் இறாலும் சேர்ந்துதான் போகும்.

ஒரு காலத்தில் இந்தக் கடலில் ஆவுளியாக்கள் கூட்டங் கூட்டமாக மேய்ந்தன. அவற்றின் மாமிசத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது. கொழுப்பும் தோலும்கூட வீணாகவில்லை. வலையில் அகப்பட்டால் அதிர்ஷ்டம் என்றே கருதினார்கள். இன்றைய மனோபாவத்தை வைத்துக்கொண்டு அன்றைய மீனவரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது. பசித்தவனுக்குக் கடல் கொடுத்ததை அவன் உண்டான். மண்டபம் என்ற ஊரில் 1940களின் இறுதியில் வந்தமைந்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில், வலையில் அகப்பட்ட ஒரு ஜோடி ஆவுளியாவைத் தொட்டியில் வைத்துப் போஷித்து, அவற்றின் பழக்கவழக்கங்களைக் கவனித்து, எஸ். ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி 1959இல் கட்டுரை எழுதினார். நம் நாட்டில் இப்பிராணியைப் பற்றி அனுபவபூர்வமாக எழுதப்பட்ட ஆதாரங்களில் அது முக்கியமானது. 1972ஆம் ஆண்டின் வனஜீவராசிப் பாதுகாப்புச் சட்டம் ஆவுளியாவை முதல் அட்டவணையில், யானைக்கும் புலிக்கும் சமமான ஸ்தானத்தில் வைத்தது. அதன்பின் பகிரங்க விற்பனை படிப்படியாக நின்றது. இரகசிய விற்பனை நெடுநாள் நிற்கவில்லை.

இந்தியக் கடல்கள் அனைத்தையும் சேர்த்து, அதாவது பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் தீவுகள் ஆகிய எல்லா இடங்களிலுமாக, இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 240 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தொகை எவ்வளவு அற்பமானது என்பதை உணர, ஆவுளியாவின் சந்தான விருத்தி எவ்வளவு மந்தமானது என்பதை அறியவேண்டும். ஆயுள் 70 வருஷம் வரை நீடிக்கக்கூடும். ஆனால் பருவமடையவே பத்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. கர்ப்பம் 13 மாதத்துக்குக் குறைவதில்லை. ஒரு பேற்றில் ஒரே கன்று. அது ஒன்றரை வருஷம் வரையில் பாலுண்ணும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு வருஷம் இடைவெளி. சகல சௌகரியமும் அமைந்து ஓர் அபாயமும் நேராதிருந்தாலும், ஒரு கூட்டம் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது என்று நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள். 240க்கு நூற்றுக்கு ஐந்து என்றால் 12. வருஷத்தில் ஐந்தாறு தாய்கள் வலையில் சிக்கி மாண்டுபோனால், மீதிக் கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே போட்டுவிடும்.

இதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. வட பசிபிக் சமுத்திரத்தில் பெரிங் தீவை ஒட்டி ஆவுளியாவின் நெருங்கிய உறவான ஒரு மாபெரும் கடற்பசு இருந்ததை, கப்பல் உடைந்து அங்கே ஒதுங்கிய ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1741இல் கண்டு எழுதிவைத்தார். அவருக்குப் பின்னால் அப்பக்கம் போன வேட்டைக்காரர்கள் மாமிசத்துக்காக அதை அடித்துத் தின்றே 1768இல் பூண்டற்றுப் போகச் செய்துவிட்டார்கள். உலகம் அறிந்து இருபத்தேழே வருஷங்களில் ஓர் இனம் நிர்மூலமாயிற்று. பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. சீனக் கடலோரத்தில் ஆவுளியா இனி வாழ்ந்து பெருகும் நிலையில் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவுகட்டி அறிவித்தது 2022இல், நம் காப்பகம் பிறந்த அதே வருஷத்தில். நமக்கு அண்மையில் லட்சத்தீவுக் கடலிலும் முன்னொரு காலத்தில் அது இருந்தது, இப்போது இல்லை.

இனி அபாயத்தின் காரணத்துக்கு வருவோம். ஆவுளியா நுரையீரலால் சுவாசிக்கிற பிராணி. சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்செடுத்தாக வேண்டும். தரையோடு தாழ்த்திக் கட்டப்படும் அகலக் கண்ணியுள்ள திருக்கை வலையில் அது சிக்கினால், மேலே வர வழியின்றி, அடிபட்ட காயமோ இரத்தமோ இல்லாமல், மூச்சுமுட்டியே செத்துப்போகிறது. இது நாட்டுப்படகுக்காரர்களின் வலை. ஏழை மீனவன் என்பதற்காக இவ்விஷயத்தில் அவனுடைய பங்கை மறைத்துப் பேசுவது அவனுக்கும் உபகாரமாகாது. வெடி வைத்து மீன் கொல்லும் கொடுமையாலும், வேகமாக ஓடும் படகுகள் மோதுவதாலும் சில இறப்பதுண்டு.

ஆனால் இவையெல்லாம் தனித்தனிப் பிராணியைக் கொல்லும் காரணங்கள். மேய்ச்சல் நிலத்தையே அடியோடு கெடுப்பது இழுவைமடி. 1952இல் நார்வே தேசத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் கேரளக் கரையில் விசைப்படகுத் தொழில் தொடங்கிற்று. வெளிநாட்டில் இறாலுக்கு ஏற்பட்ட விலையின் கவர்ச்சியால் அடுத்த இருபது வருஷங்களுக்குள் இழுவைமடி நம் கரையெங்கும் பரவியது. வங்காள விரிகுடாவின் ஆழத்துக்கு ஏற்ற சாதனம் முப்பதடிப் பாக் விரிகுடாவுக்குள்ளும் புகுந்தது. அதன் இயக்கத்தை ஒரு தரம் உள்ளபடி எண்ணிப் பார்த்தால் மேற்கொண்டு வாதம் தேவையிராது. படகின் பின்னால் இரண்டு கம்பிவடங்கள் இறங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் இரும்புப் பட்டம் அடித்த கனத்த பலகை. படகு முன்னோக்கி இழுக்க இழுக்க, நீரின் எதிர்ப்பினால் பலகைகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவில் உள்ள மடியின் வாயைத் திறந்து வைத்துக்கொள்கின்றன. மடியின் கீழ்விளிம்பில் கோத்த சங்கிலி தரையை உராய்ந்து, சேற்றில் பதுங்கியிருக்கும் இறாலைக் கிளப்பி மடிக்குள் விழச் செய்கிறது. பலகையும் சங்கிலியும் போன வழியில் புல்லின் தண்டு அறுகிறது, வேர் பெயர்கிறது. கிளம்பிய சேறு பக்கத்துப் புல்லின் மீது படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. ஆவுளியா மேய்ந்த சாலில் புல் மறுபடி முளைக்கும் என்று சொன்னேன்; வாரத்துக்கு வாரம் அதே தரையைச் சங்கிலி வாரினால் முளைக்க அவகாசம் ஏது?

மடியைத் தளத்தில் கொட்டினால், இறால் ஒரு பங்கென்றால் பல பங்கு சங்காயம். விலை போகாத பொடிமீன், வளரவேண்டிய குஞ்சு, நண்டுக் குட்டி, சிப்பி, அறுந்த புல் எல்லாம் சேர்ந்த குவியலுக்கு இராமேஸ்வரம் பக்கத்தில் அதுதான் பெயர். அது கருவாட்டுக் களத்தில் காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனத்துக்குப் போகிறது. மூன்று வருஷம் வளர்ந்தால் ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சாப்பாடாகக்கூடிய மீன், விரலளவில் பிடிபட்டு, நாமக்கல் கோழிக்கு இரையாகிறதென்றால், இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்று கேட்பதில் பிழையில்லை.

இவ்விஷயம் நம்முடைய கரையோடு முடிவதும் இல்லை. இலங்கையுடன் செய்துகொண்ட 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் கடலில் கோடு வகுக்கப்பட்டது முதல், நம் மீனவர் கைதாவதும், படகுகள் பறிமுதலாவதும், கச்சத்தீவு மேடைப் பிரசங்கப் பொருளாவதும் ஓயாத செய்தியாக இருந்துவருகின்றன. கைதும் தாக்குதலும் கண்டிக்கத்தக்கவையே. எனினும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் உள்ள தமிழ் மீனவர்கள், முப்பது வருஷ யுத்தத்திலிருந்து மீண்டு வலையைக் கையில் எடுத்தவர்கள், எங்கள் வலைகளையும் கடற்தரையையும் உங்கள் இழுவைமடி நாசம் செய்கிறது என்று சொல்லுகிற முறைப்பாட்டுக்கு நம் மேடைகளில் யாரும் பதில் சொல்லக் காணோம். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தினால் தடைசெய்துவிட்டது. இந்தப் பக்கத்துத் தரை வறண்டுபோனதால்தான் அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது என்று விசைப்படகுக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதை ஏன் வறளவிட்டோம் என்ற கேள்வியையே நாம் முதலில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும்படி 2017இல் தொடங்கிய திட்டம் நல்ல யோசனைதான். 2,000 படகுகளை மாற்றுவதாகச் சொன்ன அத்திட்டம் இலக்குக்கு வெகு தூரம் இப்பால் நின்றுவிட்டது. காலையில் போய் மறுநாள் காலை வீடு திரும்பிப் பழகியவர்களை வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கும் தொழிலுக்கு, அதுவும் கடன்பட்டு, அனுப்புவது கடிதப் போக்குவரத்தால் ஆகிற காரியமன்று.

கடலைக் காப்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் நம் கரையே கண்டிருக்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டியெடுத்து, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போக இடங்கொடுத்த கடலுக்கு அந்தப் பாதுகாப்பு அவசியமே. ஆனால் அந்தப் பூங்காவின் எல்லைக்கோடு, தலைமுறை தலைமுறையாகத் தீவோரங்களில் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களை ஒரே நாளில் அத்துமீறுகிறவர்களாக்கிவிட்டது. சேலைக்கு மேல் ஆண்சட்டை, விரல்களில் சுற்றிய துணி, பாறை கிழிக்காதிருக்க ரப்பர் செருப்பு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. இவ்வளவே அவர்களுடைய சாதனம். மூச்சை அடக்கி மூழ்கி, மரிக்கொழுந்தையும் கட்டக்கோரையையும் கையால் பறித்து மேலே வருகிறார்கள். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் கிடைக்காது என்பதை அவர்களுக்கு எந்த இலாகாவும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாளே தொழில் என்றும், பாசி தழைக்கும் மாதங்களில் கடலில் இறங்குவதில்லை என்றும் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, இப்பெண்களின் உரிமைக்காகவும் கடலின் நலத்துக்காகவும் பாடுபட்டமைக்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார். உலகம் பரிசளித்த பிறகும், உள்ளூரில் அவர்களைக் குற்றவாளிகளைப் போல விரட்டும் வழக்கம் முற்றிலும் மாறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

பாக் விரிகுடாவில் சர்க்கார் வேறு வழியை மேற்கொண்டது. தேசியப் பூங்கா என்றும் சரணாலயம் என்றும் அறிவிக்காமல், சட்டத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்ட பாதுகாப்பகம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் ஜனங்களைக் கலந்துகொண்டே அதை அமைக்கவேண்டும். நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடமுண்டு. மீன்பிடித் தொழிலுக்குப் புதிய தடை எதுவும் இல்லை என்று சர்க்கார் வாக்களித்தது. கிராமங்கள் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே காரணம். 2025 அக்டோபரில் அபுதாபியில் கூடிய சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மகாநாடு இந்தக் காப்பகத்தைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியதும் பொருத்தமே. ஆயினும், புதிய தடை இல்லை என்ற வாக்குறுதியின் நிழலில் பழைய தடைகளும் அமலாகாமல் உறங்குமானால், காப்பகம் என்பது படத்தில் தீட்டிய வர்ணமாக நின்றுவிடும்.

நல்ல அறிகுறிகள் இல்லாமலில்லை. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை முன்பெல்லாம் இரகசியமாகப் பங்குபோட்டவர்களின் பிள்ளைகளே இன்று வலையை அறுத்து அதை விடுவிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய வலையைத் தன் கையாலேயே அறுப்பது எளிய காரியமன்று. உப்புநீரில் நனைந்த நைலான் கண்ணிகளை, பத்தடிப் பிராணி ஒன்று உயிருக்குப் போராடித் திமிறும்போது, படகு கவிழாமல் அறுத்தெடுப்பதில் உயிரபாயமும் உண்டு. அத்தகையோரை வனத்துறை அழைத்துப் பாராட்டிப் பரிசும் அளித்திருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வனஜீவராசி நிலையத்தார், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆவுளியாவின் பெயரால் கல்வி உதவித்தொகை கொடுத்து, கடலில் காணும் பிராணிகளைப் பற்றித் தகவல் தருவோரின் வட்டத்தைக் கரையெங்கும் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

புல் அழிந்த இடத்தில் மறுபடி நடுவதற்கும் இக்கரையில் ஒரு முறை கண்டிருக்கிறார்கள். மூங்கிலைச் சதுரச் சட்டமாகக் கட்டி, குறுக்கும் நெடுக்கும் தேங்காய்நார்க் கயிறு இழுத்து, செழிப்பான புல்வெளியிலிருந்து அளவாக எடுத்து வந்த தண்டுகளைக் கயிற்றில் ஒவ்வொன்றாக முடிந்து, சட்டத்தைக் கடற்தரையில் பதித்துவிடுகிறார்கள். நாளடைவில் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். மூங்கிலும் கயிறும் மட்கி மண்ணோடு கலந்துவிடும். இரும்பும் பிளாஸ்டிக்கும் தேவைப்படாத இந்த முறையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து மீனவர்களே. நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி நடுகிற ஜில்லாவில் இது புதிய வித்தையாகத் தோன்றாது. ஆனால் ஒரு நாள் முழுவதும் பலர் முயன்று சில சதுர மீட்டரில் நட்டதை, ஒரு விசைப்படகு ஒரே இழுப்பில் வாரிக்கொண்டு போய்விடும்.

ஆகவே பரிசும் உதவித்தொகையும் நடவும் எல்லாம் இரண்டாம் பட்சம். முதற்காரியம் இழுவைமடியைப் புல்வெளியிலிருந்து அகற்றுவது. திருக்கை வலையைப் புல்வெளிக்கு மேல் கட்டாதிருக்கும்படி நாட்டுப்படகுக் கிராமங்களோடு பேசி ஏற்பாடு செய்யவும், அதனால் வரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கவும் வேண்டும். அவர்கள் பேச்சுக்கு இணங்குகிறவர்கள் என்பதை இந்தச் சில வருஷங்களில் பார்த்துவிட்டோம். விசைப்படகுக்காரரின் கடனுக்கும், கூலிக்குப் போகிற ஆட்களின் ஜீவனோபாயத்துக்கும் வழி சொல்லாமல் தடையை மட்டும் நீட்டுவது நியாயமன்று. அந்தச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து ஏற்பதே முறை. மற்றபடி, கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கே உரியது, விசைப்படகுகள் அங்கே தொழில் செய்யலாகாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே விதித்தாகிவிட்டது. காப்பகத்தின் 448 சதுர கிலோமீட்டருக்குள்ளாவது அதை அமல்செய்வதற்குச் சர்க்கார் புதிதாக ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை.